விருந்துக்குக் கூப்பிடும் அலை!



இந்த வாரம் ஹவாய் போறோம். பாஸ்போர்ட் வேணாம், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புக் மட்டும் எடுத்துக்குங்க. (எனக்கு அது அரியர் பேப்பர். அதனால புக் இல்லாமலே வருவேன்!)

மாவி தீவின் வடக்குக் கரையில் ‘ஹோகிபா’னு ஒரு பீச். ஹவாய் மொழியில் அதுக்கு ‘விருந்தோம்பல்’னு அர்த்தம். ஆனா, கத்துக்குட்டிகளுக்கு அங்கே விருந்து கிடையாது. விண்ட் சர்ஃபிங்கில் கரை கண்டவங்களுக்கான கடல் அது.

காரணம், 3,055 மீட்டர் உயர ஹலேயகலா எரிமலை. வடகிழக்கிலிருந்து வர்ற ட்ரேட் விண்ட், அதுக்கும் மேற்கு மாவி மலைகளுக்கும் நடுவில் நெருக்கியடிச்சு நுழையுது. பாதை குறுகினா வேகம் கூடும். நம்ம கன்டின்யூட்டி ஈக்வேஷன்தான் பாஸ்! குளிர்காலத்தில் வட பசிபிக் புயல்கள் கிளப்பிவிடுற ராட்சத அலைகளும் சேர்ந்துக்கும். காற்று தள்ளுற பக்கத்தில் பாறைக் கூட்டம். பாய் கையைவிட்டுப் போனா, நேரா அங்கேதான் போய் மோதும்.

விண்ட் சர்ஃபிங் பலகையைக் கலிஃபோர்னியாவில் வடிவமைச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜிம் டிரேக், விமான இன்ஜினீயர். 1968-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சாங்க. சூட்சுமமே பாய்மரத்தின் அடியில் இருக்கிற யுனிவர்சல் ஜாயின்ட்தான். பாயை எந்தப் பக்கமும் சாய்க்கலாம், அதுவே ஸ்டீயரிங்! 1976-ல் உலக சாம்பியன் ஆனப்ப ராபி நேய்ஷுக்கு வயசு 13. நாம அப்போ எட்டாம் கிளாஸ்ல என்ன பண்ணிட்டிருந்தோம்னு கேக்காதீங்க, ப்ளீஸ்.

இப்போ புதுவரவு, விங் ஃபாயிலிங். கையில் காத்தடிச்ச இறக்கை. பலகைக்குக் கீழே ஒரு கம்பம், அதன் நுனியில் குட்டி விமான இறக்கை மாதிரி ஃபாயில். தண்ணி, காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதனால அரை சதுர மீட்டர்கூட இல்லாத ஃபாயிலே ஆளைப் பலகையோட தூக்கிடும். அலை கிடைச்சதும் கை இறக்கையைக் காத்துல தளரவிட்டு, அலையோட பலத்திலேயே பறக்கலாம்.

ஆனா, ஃபாயிலுக்கு ஆழம் வேணும். பாறைமேல தண்ணி குறைஞ்சா, கம்பம் தட்டி ஆள் முன்னாடி பறப்பார். கவிழ்ந்தா அதே ஃபாயில் கத்தி. அதனால அலை உடையுற இடத்தைவிட்டுத் தள்ளி நிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

நான் ரசிச்சது அவங்க சாகசத்தை இல்லை. இறங்குறதுக்கு முன்னாடி கரையில் நிக்கிற நேரத்தை! எத்தனை அலைக்கு ஒரு இடைவெளி, காற்று எந்தப் பக்கம், விழுந்தா எங்கே ஒதுங்குவோம்... எல்லாம் கணக்குப் போட்டபிறகுதான் காலை நனைப்பாங்க. கணக்கு ஒத்துவரலைன்னா, பாயைச் சுருட்டிட்டுக் கிளம்பிடுவாங்க.

ஏன் இதைச் சொல்றேன்னா... போன வருஷம் ஐ.வி. போனப்ப, “முழங்கால் தண்ணிதான்டா”னு எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் கடலில் இறங்கினான். ரெண்டாவது அலையில் ஆளைக் காணோம். மீனவ அண்ணன் ஒருத்தர் கயிறு வீசி இழுத்துப் போட்டார். திட்டுவார்னு பார்த்தோம். “அஞ்சு நிமிஷம் நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் தம்பி”னு மட்டும் சொன்னார். அன்னிக்கு பஸ்ல யாரும் பாட்டு போடலை.

அடுத்த டூர்ல கடலைப் பார்த்ததும் ஓடாதீங்க. அஞ்சு நிமிஷம் நில்லுங்க. அரியரைத் திரும்ப எழுதலாம் ஃப்ரெண்ட்ஸ்... இதை முடியாது!