பட்டம் ஒன்று, வாசல் இரண்டா?

வேலை கேட்டு வந்தவரிடம், "உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்பது முறை. "எங்கே படித்தீர்?" என்று மட்டும் கேட்டு, அந்த ஒரு பதிலிலேயே கதவைச் சாத்துவது என்ன முறை? தகுதி, திறமை என்று ஓயாமல் பேசுவோரைத்தான் கேட்கிறோம்.

தாராவியிலிருந்து நம் சங்கத்துக்கு வந்தார் ஓர் இளைஞர். தாத்தா தோல் பதனிடும் கூடத்தில் உழைத்தவர். தந்தை தலைச்சுமையாக இட்லி விற்பவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி இவர். பகலில் வேலை, இரவில் படிப்பு. பி.காம். தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். ஒரு பெரிய நிதி நிறுவனத்தில் அவருடைய விண்ணப்பத்தை வாங்கிய அதிகாரி மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. கல்லூரியின் பெயரைப் பார்த்தார். "இது எங்கள் பட்டியலில் இல்லை" என்றார். நேர்காணல் அத்தோடு முடிந்தது!

1857-இல் தோன்றிய மும்பைப் பல்கலைக்கழகத்துக்கு நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகள் உண்டு. தென் மும்பையின் பழம்பெரும் கல்லூரியில் படித்தவருக்கும், கல்யாணுக்கு அப்பால் நேற்று முளைத்த கல்லூரியில் படித்தவருக்கும் பட்டம் கொடுப்பது அதே பல்கலைக்கழகம்தான். சட்டத்தின் முன் இரண்டும் ஒன்று. முதலாளியின் முன் மட்டும் ஒன்று தங்கம், மற்றது தகரம்!

"பெயர் பெற்ற கல்லூரியில் படிப்பு உயர்வு; அதனால்தான் அங்கே போகிறோம்" என்கிறார்கள். உண்மையா? பொருளியல் ஆய்வாளர் ஷீத்தல் சேக்ரி இந்திய மாநிலம் ஒன்றின் கல்லூரிகளை ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புகழ்பெற்ற அரசுக் கல்லூரிகளில் மயிரிழையில் இடம் பெற்றவர்களையும், மயிரிழையில் இடம் இழந்தவர்களையும் ஒப்பிட்டார். படிப்பு முடிந்தபோது எழுதிய தேர்வில் இரு சாராரின் மதிப்பெண்ணிலும் வேறுபாடு இல்லை. சம்பளத்தில் மட்டும் வேறுபாடு இருந்தது! அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் அறிவுக்குக் கிடைத்த கூலியா, பெயருக்குக் கிடைத்த கூலியா?

இந்தப் பெயருக்கு அரசே எண்ணெய் வார்க்கிறது. 2016 முதல் வெளியாகிவரும் தேசியத் தரவரிசையில் 100-க்கு 10 பங்கு, கல்லூரியைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள மதிப்புக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் இருப்பதால் மதிப்பெண். மதிப்பெண் வந்ததால் மேலும் பெயர். பெயரைப் பார்த்து நிறுவனங்கள் வளாக நேர்காணலுக்கு வருகின்றன. நிறுவனங்கள் வருவதால் நல்ல மாணவர்கள் சேருகிறார்கள். செக்குமாடு சுற்றுகிறது, எண்ணெய் ஒரு பக்கமே வடிகிறது.

இந்தச் செக்குக்கு வெளியே நிற்பவர் யார்? பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாதவர், மாநகராட்சிப் பள்ளியில் தமிழிலும் மராத்தியிலும் படித்தவர், சாதியாலும் வறுமையாலும் பின்னுக்குத் தள்ளப்பட்டவர். பதினேழு வயதில் எந்த வாசலில் நுழைய முடிந்தது என்பதை வைத்து ஐம்பது வயது வரை ஒருவரை அளப்பதா திறமை? அன்று குலம் கோத்திரம் கேட்டார்கள். இன்று கல்லூரி கேட்கிறார்கள். கேள்வியின் சொல் மாறியது, குணம் மாறவில்லை.

"ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, எப்படித்தான் வடிகட்டுவது?" என்று கைவிரிக்கிறார்கள். அரசு வங்கிகள் வடிகட்டவில்லையா? 2011 முதல் அவற்றுக்குப் பொதுத் தேர்வு நடக்கிறது, லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள். இந்திய ஆட்சிப் பணித் தேர்வை எழுத, அங்கீகாரம் பெற்ற எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமும் போதும். மாவட்டத்தை ஆளப் போதுமான பட்டம், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போதாதா?

நம்மவர்களையும் விட்டுவிட முடியாது. 1966-க்குப் பிறகு இதே நகரத்தில், தென்னாட்டார் என்பதற்காகவே வேலை தரக் கூடாது என்ற கூச்சலைக் கேட்டவர்கள் நாம். அடையாளத்தை வைத்து ஆளை ஒதுக்கும் வேதனை நமக்குத் தெரியும். ஆயினும் பெரிய பதவியில் அமர்ந்த நம் தமிழர்களிலும் சிலர், தாராவிப் பிள்ளையைப் பார்த்து முதலில் கேட்பது "எந்தக் காலேஜ்?" என்றுதானே! பட்ட காயம் மறந்துபோயிற்றா?

நாம் கேட்பவை மூன்று. முதல் சல்லடையில் விண்ணப்பத்திலுள்ள கல்லூரிப் பெயரை மறைத்துவிட்டுத் தேர்வு வையுங்கள். இணைப்புக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவான வேலைவாய்ப்பு நேர்காணலைப் பல்கலைக்கழகமே நடத்தட்டும். பதவியிலுள்ள தமிழர்கள் ஆளுக்கு ஓர் இளைஞரையாவது நேர்காணல் அறை வரை அழைத்துச் செல்லுங்கள்.

சலுகை கேட்கவில்லை, நண்பர்களே! தேர்வில் தோற்றால் எங்கள் பிள்ளைகள் தலைகுனிந்து திரும்பட்டும். தேர்வெழுத நாற்காலியே தராமல் தோற்றதாகச் சொல்லாதீர்கள்!