நாயின் குருதியில் நீந்தும் புழு எந்தத் துறையைச் சேர்ந்தது?

கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோய்க் கணக்கெடுப்புக்காக இரவில் வீடுவீடாகச் சென்று மனிதரின் விரல்நுனியில் குருதித்துளி எடுக்கும் சுகாதாரப் பணியாளர், வாசலில் படுத்திருக்கும் நாயைத் தாண்டித்தான் உள்ளே நுழைகிறார். அந்த நாயின் குருதியை ஆராயும் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை. பகலில் அதே வீட்டுப் பசுவுக்குத் தடுப்பூசி போட வரும் கால்நடைத்துறை ஊழியருக்கும் அது வேலையன்று. நாய் பால் கறப்பதில்லை, முட்டையிடுவதுமில்லை. ஒருவர் மனிதரோடு நிற்கிறார். மற்றவர் பசுவோடு நிற்கிறார். கொசு மட்டும் மூவரையும் கடிக்கிறது.

இந்த அலட்சியத்திற்கு அடியில் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது: நாய்களின் இதயப்புழு மேலைநாட்டு நோய், இந்தியாவில் அதைப் பற்றிக் கவலைப்படுவது செல்வர்களின் ஆடம்பரம். இது அறியாமை. இதயப்புழுவான டைரோஃபிலேரியா இம்மிடிஸ் அசாம், மிசோரம் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களின் நாய்களில் நெடுங்காலமாகப் பதிவாகி வருகிறது. கேரள நாய்களில் தோலடியில் வாழும் டைரோஃபிலேரியா ரெபன்ஸ் பரவலாக இருக்கிறது. கொசுவே இந்நோயைக் கடத்துகிறது என்பதை இத்தாலிய அறிஞர்கள் கிராஸியும் நோயேயும் 1900ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டனர். கொசு உறிஞ்சிய நுண்புழு அதன் உடலில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தொற்றும் பருவத்தை எட்டுகிறது. அடுத்த கடியின்போது வேறொரு நாய்க்குள் இறங்குகிறது. இம்மிடிஸ் ஆறு மாத அளவில் நுரையீரல் தமனியை அடைந்து முதிர்கிறது. பெண்புழு 30 செ.மீ. வரை வளரும், ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வாழும். நாய் இருமத் தொடங்கும்போதும், சிறுநடைக்கே இளைக்கும்போதும், உரிமையாளர் அதை முதுமை என்று எண்ணித் தேற்றிக்கொள்கிறார்.

நோயறியும் முறையிலும் இதே கண்மூடித்தனம். நகரத்து மருத்துவமனைகளில் புழங்கும் இதயப்புழுச் சோதனைப் பட்டைகள் இம்மிடிஸ் பெண்புழுவின் எதிர்ப்பொருள்தூண்டியைக் கண்டறிவதற்காக உருவாக்கப்பட்டவை. ரெபன்ஸ் மிகுந்த ஒரு மாநிலத்தில் அந்தப் பட்டையில் கோடு தோன்றாததை ‘நோயில்லை’ என்று மொழிபெயர்ப்பது, வேறு ஊரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு வழி தேடுவது போன்றது. இத்தனைக்கும் தீர்வு எளிது. 1 மி.லி. குருதியை 9 மி.லி. இரண்டு விழுக்காட்டு ஃபார்மலினில் கலந்து, மையவிலக்கியில் சுழற்றி, படிவை மெத்திலீன் நீலத்தால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் திருத்திய நாட் சோதனை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யத்தக்கது. நுண்புழுவின் மேல் உறை தெரிந்தால் அது டைரோஃபிலேரியா அன்று. புரூஜியாவாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

சந்தையோ இந்த வெற்றிடத்தை நறுமணத்தால் நிரப்புகிறது. எலுமிச்சைப்புல் தைலம் தடவிய கழுத்துப்பட்டை, வேப்பெண்ணெய்த் தெளிப்பு, ‘இயற்கையான பாதுகாப்பு’ என்னும் சொல். இவை சில கடிகளைக் குறைக்கலாம், நோய்த்தடுப்பாகா. மனிதருக்கான டீட் களிம்பை நாய்க்குப் பூசுவது நஞ்சூட்டலாக முடியும். நாய்க்கு உதவும் பெர்மெத்ரின் சொட்டுமருந்து அதே வீட்டுப் பூனையைக் கொல்லக்கூடும். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணளவில் நாய்க்குச் செலுத்துவது கோலி போன்ற இனங்களில் நரம்புநஞ்சாகிறது. செய்யத்தக்கது வேறு: முதலில் குருதிச் சோதனை, பின்னர் மருத்துவர் எடைக்கேற்பக் குறித்த மாதாந்தரத் தடுப்பு மருந்து, அந்தியிலும் இரவிலும் வலையடித்த இடத்தில் உறக்கம், நாயின் தண்ணீர்க் கிண்ணம் முதல் மாடித் தொட்டி வரை தேங்குநீர் அகற்றல். சோதனை முதலில் வருவதற்குக் காரணம் உண்டு: குருதியில் நுண்புழுக்கள் மிகுந்திருக்கையில் கொடுக்கும் மருந்து அவற்றை ஒருசேரக் கொன்று நாயை அதிர்ச்சியில் வீழ்த்தக்கூடும்.

‘மனிதருக்கே மருந்தில்லாத நாட்டில் நாய்க்கு மாத்திரையா?’ என்னும் கேள்வி அறச்சீற்றம்போல் ஒலிக்கிறது. அது நோயியலை அறியாத கேள்வி. நாயின் ரெபன்ஸ் புழு மனிதக் கண்ணின் வெண்படலத்தடியில் நெளிவதைக் கேரளக் கண் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ளனர். மனிதரின் யானைக்கால் நோய்க்குக் காரணமான புரூஜியா மலாயி கேரள நாய்களின் குருதியிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அண்டையிலுள்ள இலங்கை இன்னும் தெளிவான பாடம். யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இராதபடி ஒழித்த நாடு என்று 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. ஆனால் அங்கே பல பதிற்றாண்டுகளாக மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட புரூஜியா மீண்டும் தலைகாட்டியது; நாய்களிலும் பூனைகளிலும் அது காணப்பட்டது. யானைக்கால் நோயை ஒழிக்க 2027ஐ இலக்காக அறிவித்துள்ள இந்தியா, வாசலில் படுத்திருக்கும் உயிரை எண்ணாமல் எந்த வெற்றியை அறிவிக்கப் போகிறது?

விலங்கு மருத்துவத்திற்கு மனித மருத்துவம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. 1981இல் விலங்கு மருந்தாகச் சந்தைக்கு வந்த ஐவர்மெக்டின்தான் இன்று மும்மருந்துத் திட்டத்தில் யானைக்கால் நோய் மாவட்டங்களின் மக்களுக்கு வழங்கப்படுகிறது. அதன் பின்னணிக் கண்டுபிடிப்புக்காகவே கேம்பெல்லும் ஓமுராவும் 2015இல் நோபெல் பரிசு பெற்றனர். மருந்து தொழுவத்திலிருந்து மருத்துவமனைக்கு வரலாம். தரவு மட்டும் வரக்கூடாதா?

‘ஒரே நலம்’ என்னும் முழக்கத்திற்குக் குறைவில்லை. அதன் பெயரிலான தேசிய நிறுவனத்திற்கு 2022 டிசம்பரில் நாக்பூரில் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. முழக்கம் மெய்யாக வேண்டுமெனில் மூன்று பணிகள் போதும். இரவுக் குருதிக் கணக்கெடுப்பு நடக்கும் ஊர்களில் நாய்களின் குருதியும் சேர்க்கப்பட வேண்டும். 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி பிடிக்கப்படும் ஒவ்வொரு தெருநாயிடமிருந்தும், மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு மி.லி. குருதி எடுக்கப்பட வேண்டும். வளர்ப்பு நாய்க்குத் தொற்று வரும் ஊற்று அங்கும் இருக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஒன்றின் முடிவை மற்றொன்று ஆய்விதழில் படித்தறியும் அவலம் ஒழிய வேண்டும்.

முனைவர்ப்பட்டத்திற்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் வெளிநாட்டுத் தரவுத்தொகுதிகளைத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். சேர்த்தலையில் மான்சோனியா கொசுவின் இளம்புழு ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றிக்கொண்டு மூச்சுவிடுகிறது. குளக்கரையில் ஒரு நாய் படுத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு கொசு பறக்கும் தூரம். இரு துறைகளுக்கு இடையே உள்ள தொலைவுதான் இன்னும் கடக்கப்படவில்லை.