மடிக்கணினியின் மின்வடம்

மடிக்கணினி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்கு உறை தேடுகிறோம். நாள்தோறும் தூசி துடைக்கிறோம். சிறுவர் கை படாது காக்கிறோம். அதற்கு உயிரூட்டும் மின்வடமோ கட்டிலின் கீழும் கதவிடுக்கிலும் மிதிபட்டுக் கிடக்கிறது. விலை குறைந்த பொருள்தானே என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ஆயின், வீட்டாரின் பாதுகாப்பு அவ்வடத்தைப் பொறுத்தது என்பதைப் பெற்றோரும் மாணவரும் உணர்தல் வேண்டும்.

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று ஆடலோட்டமாகும். மடிக்கணினிக்கு வேண்டியதோ பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ற்று நேரோட்டம். நடுவிலுள்ள கறுப்புப் பெட்டியே ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருகிறது. ஆகவே, சுவரிலிருந்து பெட்டி வரையுள்ள வடமே உயிருக்கு ஆபத்தான மின்னைச் சுமப்பது. பெரும்பாலான மின்னேற்றிகளில் இதனைத் தனியே கழற்றலாம். பழுது இதில் மட்டுமாயின் இதனை மாற்றினாற் போதும். முழு மின்னேற்றிக்கும் பணம் செலவிட வேண்டியதில்லை.

வடத்தினுள்ளே இருப்பது தனிக்கம்பியன்று. மெல்லிய செப்பிழைகளின் கற்றை. செருகியைப் பிடியாது வடத்தைப் பிடித்திழுப்பதாலும், பெட்டியைச் சுற்றி இறுக முறுக்குவதாலும் அவ்விழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. எஞ்சியவையே முழு ஓட்டத்தையும் சுமக்க நேர்வதால் அவ்விடம் சூடேறுகிறது. ஒட்டுநாடா சுற்றினால் வெளிக்காயம் மறையுமேயன்றி, உள்ளே அறுந்த இழை பொருந்தாது.

மாணவரிடையே காணும் மற்றொரு பழக்கம் மிகவும் அஞ்சத்தக்கது. 13 அம்பியர் சுவர்க்குதையின் மேல்துளையிற் பேனாவைச் செலுத்தி, இருமுனைச் செருகியை வலிந்து பொருத்துகின்றனர். மும்முனைச் செருகியின் நீண்ட முனை நுழைந்தாலன்றி மின்துளைகள் திறவாதபடி உள்ளே மறைப்பு அமைத்திருப்பது குழந்தைகளின் விரலைக் காப்பதற்கே. அம்மறைப்பைப் பேனா வென்றுவிடுகிறது. மும்முனைச் செருகிக்குள் இருக்கும் உருகியின் காவலும் இல்லாதொழிகிறது. தரமான மாற்றுச்செருகி ஒன்று இவ்வாபத்தை எளிதில் நீக்கும்.

புதிய மின்னேற்றி வாங்குவோர் பழையதன் அடியிலுள்ள எழுத்துக்களை முதலிற் படித்தல் நன்று. வெளியீட்டு வோல்ற்றளவு ஒத்திருத்தல் வேண்டும், அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைதலாகாது. முனையின் அளவும் நேர், எதிர் அமைப்பும் பொருந்துதல் வேண்டும். யூ.எஸ்.பி.–சி வகையில், கணினியும் மின்னேற்றியும் தாமே கலந்து வோல்ற்றளவைத் தீர்மானிக்கின்றன. இதனால் ஒரே மின்னேற்றி கைபேசிக்கும் கணினிக்கும் உதவக்கூடும். எனினும் 3 அம்பியர் வடம் 20 வோல்ற்றில் 60 உவாற்று வரையே கொடுக்கும். 100 உவாற்று வேண்டுவோர் 5 அம்பியருக்கென அமைந்த வடத்தையே வாங்குதல் வேண்டும்.

மின்னேற்றியைத் தலையணை மீதோ போர்வைக்குள்ளோ வைத்தலாகாது. வெப்பம் வெளியேற வழி வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமழை நெருங்கும்போது, மின்னல் தொடங்குமுன்னரே செருகியைக் கழற்றிவிடுக. மின்கலம் நன்னிலையில் இருப்பின் படிப்பு அதனால் தடைப்படாது.

இன்று மாலையே உங்கள் வீட்டு மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ, நெளிவோ, கருகிய தடமோ தென்பட்டால் அதனை மீண்டும் செருக வேண்டாம்.