பசுவுக்கு வலிக்கக் கூடாது!

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம், எண்ணூர். அங்கே உள்ள மீனவர் ஊர், முகத்துவாரக்குப்பம். அங்கிருந்து தெற்கே வந்தால் திருவொற்றியூர்.

1946-ம் ஆண்டில் திருவொற்றியூரில், ஒரு சிறு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் பலூன் செய்தார். குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன்! அந்தக் கொட்டகைதான் பிறகு "எம்.ஆர்.எப்." டயர் கம்பெனியாக வளர்ந்தது.

பலூனும் ரப்பர். டயரும் ரப்பர். பால் கறக்கும் எந்திரத்திலும் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால், மாட்டின் காம்பைப் பிடித்துக் கறப்பது அதுதான்.

எப்படிக் கறக்கிறது?

பசுவைக் கறக்கும் எந்திரத்தில் நான்கு குவளைகள் உண்டு. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு ரப்பர் குழாய். பம்பு காற்றை இழுக்கும். குழாய் விரியும். பால் வரும். உடனே குவளைக்கும் குழாய்க்கும் நடுவே காற்று புகும். குழாய் சப்பி, காம்பைப் பிடித்துவிடும். நிமிடத்துக்குச் சுமார் 60 தடவை இப்படி நடக்கும்.

பிடித்துவிடுவது சரியாக இல்லாவிட்டால், காம்பு நுனியில் ரத்தம் தேங்கும், வீங்கும். மாடு உதைக்கும். மடிநோயும் வரலாம். நோய் கண்ட மடியின் பாலை விற்க முடியாது. அந்தப் பாலை நம்பி இருக்கும் குடும்பம் என்ன செய்யும்?

கம்ப்யூட்டர் கணக்கு

புதுக் குழாய் செய்ய அச்சு வேண்டும். தவறினால், மறுபடியும் அச்சு. செலவுதான்! கம்ப்யூட்டர் வந்தபின் வழி பிறந்தது. குழாயின் உருவத்தை அதில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வளையும், காம்பை எவ்வளவு அழுத்தும் என்று கணக்கிடுகிறார்கள். வட்டக் குழாய் நல்லதா, முக்கோணக் குழாய் நல்லதா என்று மாட்டைத் தொடாமலே பார்க்கலாம்.

யாருடைய மாடு?

கேள்வி இங்கேதான். கணக்கில் இருப்பது எந்த மாட்டின் காம்பு? வெளிநாட்டுப் பசுவுக்குப் போட்ட கணக்கு, நம் எருமைக்குப் பொருந்துமா? எருமையின் காம்பு நீளம், துவாரம் இறுக்கம். அடுத்தவர் காலுக்குத் தைத்த செருப்பு நம் காலைக் கடிக்கும் அல்லவா?

மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் தொழில்நுட்பம் சொல்லித் தருகிறார்கள். திருவொற்றியூருக்கு ரப்பர் புதிது அல்ல. மாட்டு டாக்டரும், ரப்பர் என்ஜினீயரும், கம்ப்யூட்டர் படித்த வாலிபரும் ஒன்றாக உட்கார வேண்டும். நம் மாட்டின் காம்பை அளந்து கணக்குப் போட வேண்டும்.

கணக்கு மட்டும் போதாது. கம்ப்யூட்டருக்கு வலி தெரியாது. கடைசிப் பரீட்சை மாட்டிடம்தான்.

மாடு வைத்திருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. சுமார் 2,500 தடவை கறந்ததும் ரப்பர் குழாயை மாற்ற வேண்டும் என்பது பொது விதி. ஒரே செட்டில் 10 மாடுகளைத் தினம் 2 வேளை கறந்தால், 125 நாளில் கெடு முடிந்துவிடும். பிறகு ரப்பர் தளரும், வெடிக்கும், வெடிப்பில் கிருமி தங்கும். ரப்பர் காசை மிச்சம் பிடித்து மாட்டைக் கெடுக்கலாமா?

வாயில்லாப் பிராணி உதைத்துத்தான் சொல்லும். அது உதைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் அறிவு.