பாட்டு தீர்ந்தது, போனும் அணைந்தது!

ஒரு நாள் பிரயாணமானாலும் கையில் படிக்க ஏதாவது இல்லாவிட்டால் நம்மில் பலருக்கு இருப்புக் கொள்ளாது. அதற்காக, 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் முதுகில் சுமந்துகொண்டு நடக்க முடியுமா?

"முடியும் சித்தி!" என்றாள் என் அக்கா மகள். தன் செல்போனைக் காட்டினாள். ஐந்து பாகமும் அதற்குள் இருந்தன.

சென்ற தை மாதம் புதுச்சேரியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்ணுக்குக் காலேஜ் லீவு. வில்லியனூரிலிருந்து பாகூர் வரை முடிந்த மட்டும் நடப்பது, கால் வலித்தால் பஸ் ஏறுவது என்று ஏற்பாடு. ஆளுக்கு ஒரு முதுகுப் பை. உள்ளே தண்ணீர், புளியோதரை, துண்டு. "இரண்டு பேருக்கும் ஒரு போன் போதாதா?" என்றாள். என் போனை மேஜை மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். அதுதான் நான் செய்த தவறு. அதுவே பின்னால் எங்களைக் காப்பாற்றியது!

வில்லியனூரில் திருக்காமீசுவரரைத் தரிசித்தோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அல்லவா இந்த ஊர்த் தேர்! பிறகு இரு புறமும் பச்சை வயல். பெண் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து நான் இழுத்திராவிட்டால்... வேண்டாம், அதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

மத்தியானம் பாகூர் ஏரிக்கரையில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு அவள் உரக்கப் படிக்க, நான் கேட்டேன். நடுவில் நானும் வாங்கிப் படித்தேன். மூக்குக் கண்ணாடி இல்லாமலே, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு! வீட்டில் அச்சுப் புஸ்தகத்தைக் கீழே வைத்துவிட்ட அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் இது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம்!

பாகூருக்கும் படிப்புக்கும் பழைய உறவு உண்டு. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இருந்த கல்லூரிக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைச் செப்பேடுகளில் பொறித்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அவற்றைப் படிக்க முடிகிறது. சார்ஜ் கேட்காத புஸ்தகம்!

எங்கள் புஸ்தகமோ சாயங்காலம் ஆறு மணிக்கு அணைந்துவிட்டது. வழியெல்லாம் இன்டர்நெட்டில் பாட்டு, வெயிலில் தெரிவதற்காகத் திரை வெளிச்சம் முழுசாக. பாட்டரி என்ன செய்யும்? நாங்கள் காத்திருந்த பஸ்ஸும் போய்விட்டிருந்தது. அக்கா கவலைப்படுவாளே என்று டீக்கடை அம்மாளிடம் போன் கேட்டோம். பாவம், உடனே கொடுத்தாள். ஆனால் எந்த நம்பருக்குப் பேசுவது? பெண் விழித்தாள். பெற்ற தாயின் நம்பர் அவளுக்கு மனப்பாடமில்லை. கூடப் பிறந்த எனக்கும் இல்லை!

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே நம்பரைச் சுழற்றினேன். அது என் நம்பர்! மேஜை மேல் இருந்த என் போன் மணியடிக்க, அக்கா ஓடி வந்து எடுத்தாள். அவள் குரலில் இருந்த நடுக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, கிளம்புவதற்கு முதல் நாள் இரவே வேலையை முடித்துவிடுங்கள். வேண்டிய பாட்டுக்களைப் போனுக்குள் இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் இன்டர்நெட் வேண்டாம், பாட்டரியும் மிஞ்சும். புஸ்தகங்களுக்கு, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. பழைய தமிழ் நூல்கள் பலவற்றை உலகெங்குமுள்ள தமிழர்கள் தட்டெழுதி அதில் சேர்த்திருக்கிறார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை.

நிறையப் படிக்கிறவர்கள் கிண்டில் மாதிரி ஒரு கருவி வாங்கலாம். அதில் பக்கம் திருப்பும்போதுதான் எழுத்துக்கு மின்சாரம் செலவாகும். அதனால் ஒரு தடவை சார்ஜ் போட்டால் பல நாள் வரும். வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். போனை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள். சூடு பாட்டரிக்கு ஆகாது.

பாட்டு உட்கார்ந்திருக்கும்போது மட்டும். சாலையில் நடக்கும்போது காது திறந்தே இருக்கட்டும். சத்தமும் பாதிக்குச் சற்று மேலே போக வேண்டாம். பாட்டரி பாதிக்கு வந்ததும் பாட்டையும் கதையையும் நிறுத்திவிடுங்கள். மீதிப் பாதி வீட்டுக்குச் சேர்ந்தது. பவர் பேங்க் ஒன்று பையில் இருந்தால் இன்னும் நிம்மதி.

இவையெல்லாம் மறந்தாலும், ஒரு துண்டுக் காகிதத்தில் வீட்டு நம்பரை எழுதிப் பர்ஸில் வைக்க மறக்காதீர்கள். அக்கா இப்போது தன் பெண்ணைத் தினமும் காப்பி கொடுக்குமுன் நம்பரை ஒப்பிக்கச் சொல்கிறாளாம். பெண் முணுமுணுத்துக்கொண்டே ஒப்பிக்கிறாளாம். ஒப்பிக்கட்டும்!