பின்னல் செருப்புக்கு அடி வேண்டும்

வெளிநாட்டிலிருந்து வரும் மகளோ மருமகளோ பெட்டியைத் திறந்தால் இப்போதெல்லாம் தைலம், சாக்லேட்டோடு ஒரு ஜோடி உல்லன் செருப்பும் வருகிறது. கையால் பின்னியது, பூப்போட்டது, தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். நம் ஊரிலும் யூடியூப் பார்த்து குரோஷே ஊசியால் இதைப் பின்னுகிற பெண்கள் பெருகிவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். மேலே இருக்கிற அதே நூல்தான் அடியிலும் இருக்கும். எழுபது வயதுக்காரர் அதைப் போட்டுக்கொண்டு டைல்ஸ் தறையில் நடப்பதும், எண்ணெய் தடவிய பலகையில் நடப்பதும் ஒன்றுதான். பாசத்தோடு செய்த பொருள் என்பதால் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

நம் பழைய வீடுகளில் இந்தப் பிரச்சினை இல்லை. மயிலாடிக்காரர்களுக்குக் கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். உளியால் கொத்திய கல் காலைப் பிடித்துக்கொள்ளும். அதே கருங்கல்லை மெஷினில் பாலிஷ் போட்டால் முகம் பார்க்கலாம், நடக்க முடியாது. படிப்புரையில் கிடந்த சொரசொரப்பான கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, கண்ணாடி மாதிரி கிரானைட்டும் டைல்ஸும் பதித்தோம். குளிமுறி வீட்டுக்குள் வந்தது, ஈரமும் கூடவே வந்தது. போதாததற்கு நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆடியிலும் தறை ஈரம், ஐப்பசியிலும் ஈரம். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ரோட்டில் விழவில்லை. கட்டிலுக்கும் குளிமுறிக்கும் நடுவே உள்ள பத்தடி தூரத்தில் விழுந்தவர்கள்.

“வீட்டுக்குள்ளே செருப்பா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தெருவில் மிதித்த செருப்பை அடுக்களைக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. வீட்டுக்கென்றே ஒரு ஜோடி, வாசல்படி தாண்டாதது. 2004-இல் அமெரிக்காவில் முதியவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், வெறுங்காலோடும் வெறும் சாக்ஸோடும் நடப்பவர்களுக்குத்தான் விழும் ஆபத்து மிகக் கூடுதல் என்று தெரிந்தது. அடி வைக்காத உல்லன் செருப்பும் சாக்ஸும் ஒரே சாதி.

செருப்பு என்பது இந்த மண்ணில் சாதாரண விஷயமாக இருந்ததும் இல்லை. திருவிதாங்கூர் காலத்தில் நாடார்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதியினரும் செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, பொன் நகை அணியக்கூடாது. 1859-இல் அனுமதி கிடைத்த தோள்சீலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பட்டியலில் கிடந்த செருப்பைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. கால் சுட, முள் குத்த நடந்தவர்களின் பேரன் பேத்திகள் நாம். நாம் கடைசிக் காலத்தில் வழுக்காத ஒரு செருப்பைக் கேட்பதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பின்னல் வேலையும் நமக்குப் புதிதல்ல. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட், அவர் மனைவி மார்த்தா மால்ட் இருவரில், மார்த்தா அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். ஒரு திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 வரை ஒழியவில்லை. அதற்கு முன்பே, அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். ஊசியும் நூலும் பெண்களின் பொழுதுபோக்கு என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ஆக, பின்னத் தெரிந்த கை இங்கே உண்டு. ரப்பரும் இங்கே உண்டு. அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகமே நாகர்கோவிலில்தான். இரண்டையும் சேர்த்துத் தைக்கத்தான் ஆள் இல்லை.

அடிக்கு என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். நூலை இரட்டையாக்கி நெருக்கிப் பின்னினால் கனம் வரும், பிடிப்பு வராது. தோல் வைத்தால் ஈரத்தில் வழுக்கும், துவைக்கவும் முடியாது. ஸ்பெயின் நாட்டில் சணல் கயிற்றைச் சுருட்டித் தைத்து அடி போடுகிறார்கள், பார்க்க அழகு. ஆனால் நம் மழைக்குச் சணல் மக்கிவிடும். தேங்காய் நார்க் கயிறு மக்காது, ஆனால் குத்தும். ரப்பர் பாலைப் புள்ளி புள்ளியாக அடியில் வைக்கலாமே என்று தோட்டக்காரர்கள் கேட்பார்கள். மரத்திலிருந்து எடுத்த பாலை அப்படியே வைத்தால் வெயில் காலத்தில் பிசுபிசுத்து, வீட்டுத் தூசி எல்லாம் அதில்தான் இருக்கும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய பாலாக இருந்தால் சரி.

எனக்குச் சரியென்று படுவது இதுதான். செருப்புத் தைப்பவரிடம் ஹவாய் செருப்புக்கான ஷீட் இருக்கும். அதில் காலின் அளவுக்கு ஒரு அடியை வெட்டித் தரச் சொல்லுங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம். தடித்த மெத்தை அடிதான் காலுக்குச் சுகம் என்று நினைக்கிறோம். ஆனால் 1992-இல் கனடாவில் வயதான ஆண்களை வைத்துச் சோதித்தபோது, மெல்லிய, கெட்டியான அடியில்தான் அவர்கள் தடுமாறாமல் நடந்தார்கள். தறை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரிய வேண்டும். வெட்டிய அடியின் ஓரத்திலிருந்து சற்று உள்ளே, ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சுற்றிலும் துளை போட்டு, மெழுகு பூசிய நைலான் நூலால் ஒரு சுற்றுத் தைக்க வேண்டும். அந்தத் தையலில் ஊசியைக் கோர்த்து மேல்பாகத்தைப் பருத்தி நூலால் பின்னிக்கொண்டு போகலாம். நம் வெக்கைக்கு உல்லன் எதற்கு? அடியில் தையல் தறையில் உரசினால் ஒரு மாதத்தில் அறுந்துவிடும். அதனால் கீழே வரி போட்ட மெல்லிய ரப்பர் ஷீட் இன்னொன்றை ஒட்டிவிட வேண்டும். குதிகால் பக்கம் மூடியிருக்க வேண்டும். இழுத்து இழுத்து நடக்கிற திறந்த செருப்பு வேண்டவே வேண்டாம். முன்னால் பூ, குஞ்சம், நாடா எதுவும் கூடாது. பேத்திக்குப் பின்னும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. உள்ளே ஒரு முடிச்சு இருந்தால் போதும், அவர்களுக்குத் தெரியாமலே புண்ணாகிவிடும். அவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்புதான். அதன் கதையும் தமிழ்நாட்டுக் கதையே. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் வரும் புண்ணுக்கு உணர்வில்லாத பாதத்தில் விழும் அழுத்தமே காரணம் என்று கண்டார். வேலூரிலும் கரிகிரியிலும் அந்த வழியில் நடந்த வேலையில் பிறந்ததுதான் ஆணி அடிக்காத அந்த மிருதுவான ரப்பர் செருப்பு. பார்க்க லட்சணமில்லை என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இனி விலை. குழுப் பெண்கள் பின்னிய பொருளைக் கையில் எடுத்து, “நூல் நூறு ரூபாய்தானே ஆகும், நூற்றைம்பதுக்குத் தா மக்கா” என்று பேரம் பேசுகிறோம். அந்தப் பெண் இரண்டு நாள் கழுத்து வலிக்கக் குனிந்து இருந்தது யார் கணக்கில்? ஆந்திராவில் நரசாப்பூர் குரோஷே லேஸ் பேர்போனது. அங்கே பின்னுகிற பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். நாள் முழுக்க உழைத்தும், அவர்கள் ‘வீட்டில் சும்மா இருக்கிறவர்கள்’ என்றே கணக்கிடப்பட்டார்கள்; லேஸ் கடல் கடந்து போனது, காசு ஏற்றுமதிக்காரரிடம் தங்கியது. நாம் அந்த வழியில் போகக்கூடாது. நூல், ஷீட், தைப்பவர் கூலி, பின்னிய மணி நேரம் நான்கையும் கூட்டித்தான் விலை வைக்க வேண்டும். எழுநூறோ எண்ணூறோ ஆகட்டும். கடையில் நடைப்பயிற்சி ஷூவுக்கு மூவாயிரம் கொடுக்கிறபோது நாம் பேரம் பேசுவதில்லையே.

குழுக்கள் யாராவது செய்ய முன்வந்தால் அளவு எடுப்பது பற்றி ஒன்று சொல்லவேண்டும். சாயங்காலத்தில் அளவெடுங்கள், வயதானவர்களின் கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். உட்கார வைத்து அல்ல, நிற்க வைத்து, காகிதத்தின் மேல் இரண்டு காலையும் தனித்தனியாக வரையுங்கள். நம்மில் பலருக்கு ஒரு கால் மற்றதைவிடப் பெரிது. ஒரே ஜோடி போதாது, இரண்டு வேண்டும். மழைக்காலத்தில் ஒன்று காய மூன்று நாள் ஆகும்.