லேத்துக்குச் சலான் உண்டு, லேப்டாப்புக்கு?

ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு சின்ன லேத்து பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு மெஷின், மூன்று ஆள். அவ்வளவுதான்.

ஆனால் பர்ச்சேஸ் ஆர்டர் வராமல் ஒரு 'புஷ்' கூடக் கடைய மாட்டார் முதலாளி. டிராயிங் வேண்டும். சரக்கு வெளியே போனால் டெலிவரி சலான் வேண்டும். வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும். "பேப்பர் இல்லேன்னா மெஷின் ஓடாதுங்க" என்பார்.

அதே ஊரில் வாடகை ரூமில் ஒரு வாலிபர் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார். அவர் செய்வதும் 'ஜாப் ஒர்க்'தான். அவர் கையில் என்ன பேப்பர் இருக்கிறது?

ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் வந்த நாலு வரி. அதிலும் பாதி 'குட்மார்னிங்'!

எல்லாம் ஒரே ஆள்

இவர் செய்வதற்குப் பெயர் 'புல் ஸ்டாக்'. ஒரு கம்பெனிக்கு வெப்சைட், ஆர்டர் வாங்கும் ஆப், பில் போடும் புரோகிராம் எல்லாவற்றையும் ஒருவரே எழுதிக் கொடுப்பது. ஓட்டலில் மாஸ்டர், சப்ளையர், கல்லா, ஸ்டோர் ரூம் எல்லாமே ஒரே ஆள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாம் பார்க்கிற திரை, அதன் பின்னால் கணக்குப் போடுகிற புரோகிராம், விவரங்களைச் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸ், இவை ஓடுகிற சர்வர், நாலும் இவர் தலையில்.

மாதச் சம்பளம் கிடையாது. வேலைக்கு இவ்வளவு என்று பேச்சு. அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம், கொஞ்ச தூரத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி. அதனால் ஆர்டர் இந்தப் பக்கமும் வரும், அந்தப் பக்கமும் வரும். பணம்தான் வராது!

நாளே பா!

பேயை ஏமாற்ற கன்னட கிராமங்களில் வாசல் கதவில் 'நாளே பா' என்று எழுதி வைத்த கதை எல்லையோரத்து ஜனங்களுக்குத் தெரியும். 'நாளைக்கு வா' என்று அர்த்தம். பேய் தினமும் வந்து படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம். பாக்கி கேட்கப் போகிற வாலிபருக்கும் அதே போர்டுதான்.

முதலில் அட்வான்ஸ் கொஞ்சம் கிடைக்கும். அப்புறம், "பட்டனைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க பிரதர்." "ஒரே ஒரு ரிப்போர்ட் சேர்த்துக் கொடுங்க." ஒரு மாத வேலை மூன்று மாதமாக இழுக்கும். சைட் ஓட ஆரம்பித்ததும் ஆசாமி போனை எடுக்க மாட்டார். பட்டை நாமம்!

போலீசுக்குப் போனால், "இது சிவில் மேட்டர்ப்பா, கோர்ட்டுக்குப் போ" என்றுதான் சொல்வார்கள்.

கம்பி எண்ணாதீர்

"பாஸ்வேர்டு என்கிட்டதானே இருக்கு" என்று ஆத்திரத்தில் சைட்டை அழித்துவிட நினைப்பவர்களும் உண்டு. ஜாக்கிரதை! அனுமதி இல்லாமல் உள்ளே புகுந்து அழித்தால், 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 5 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடன்காரன் வெளியே, உழைத்தவன் உள்ளே!

அது தேவையே இல்லை. பட்டறைக்காரர்களைக் காப்பாற்றுகிற 2006-ம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் சரக்குக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். 'உத்யம்' பதிவு 2020 ஜூலை 1 முதல் நடக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் போதும், காசு கிடையாது, தனி ஆளும் பதியலாம். ஆனால் வேலைக்கு முன்பே பதிய வேண்டும். பிறகு பதிந்து பழைய பாக்கிக்குச் சலுகை கேட்டவர்களுக்கு 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு கை விரித்துவிட்டது.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தவணை எழுதாவிட்டால் 15 நாள்தான். வேலையை ஒப்படைத்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி.

எல்லை கடந்த பார்ட்டி என்றாலும் பயம் வேண்டாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், வேலை செய்தவரின் ஊருக்கு உரிய கவுன்சிலிலேயே புகார் கொடுக்கலாம். அதாவது தமிழ்நாட்டிலேயே!

"ஜி.எஸ்.டி. நம்பர் இல்லையே, பெங்களூர்க்காரருக்கு எப்படி பில் போடுவது?" என்று தயங்க வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சம் வரை, வெளி மாநிலத்துக்குச் சேவை செய்தாலும் பதிவு தேவையில்லை என்று 2017 அக்டோபரிலேயே விலக்கு வந்துவிட்டது.

முதலாளிகளுக்கும்தான்

பேப்பர் இல்லாமல் வேலை கொடுக்கிற முதலாளிக்கும் ஆபத்து உண்டு. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஆளாக இல்லாதவர் எழுதிய புரோகிராம் எழுதியவருக்கே சொந்தம். எழுத்தில் மாற்றித் தந்தால்தான் கைமாறும். வெப்சைட் பெயரையும் எழுதியவர் பெயரிலேயே வாங்க விட்டுவிட்டு, அவர் காணாமல் போனதும் தலையில் கை வைப்பது யார் தப்பு?

ஒரே ஒரு தாள் போதும். என்ன வேலை, எத்தனை திருத்தம், எந்தத் தேதி, எவ்வளவு பணம், புரோகிராம் யாருக்குச் சொந்தம். கீழே இரண்டு கையெழுத்து.

கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையம் ஓசூரில் இந்த வாலிபர்களுக்கென்று தனி முகாம் போட்டு, உத்யம் பதிவும் மாதிரி ஒப்பந்தமும் கையில் கொடுக்கட்டும். லேத்து ஓட்டினால்தான் தொழிலா? விரல் ஓட்டினால் தொழில் இல்லையா?

'நாளே பா' பேய்க்குச் சரி. உழைத்தவனுக்கு இன்றே தா!